அண்ணையின் தகட்டை நான் எடுத்த நாள்

இந்தக் கோடையில் நான் முன்பு வேலை செய்த நிறுவனம், ஓய்வுபெற்றவர்களையும் புதிதாகச் சேர்ந்தவர்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு மலைப்பயணம் கூட்டிப்போனது. சுவிஸின் வாலிஸ் மாநிலத்தில் ஒரு ஒதுங்கிய பள்ளத்தாக்கு. கடைசி பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஏற வேண்டும். ஏறி முடித்தால் ஈயம் தோண்டியவர்கள் விட்டுப்போன ஓர் ஊர். கூரையில்லாத பதினைந்து கல்வீடுகள், தொழிலாளர் தங்கிய நீளமான ஒரு கட்டடம், கல்லைக் கழுவிப் பிரித்த தொட்டிகள், எப்படியோ கூரை மட்டும் தப்பிய ஒரு சின்னத் தேவாலயம். மேலே மலையின் வயிற்றில் நான்கு சுரங்க வாயில்கள். நான்குக்கும் இரும்புக் கிராதி போட்டு அடைத்த ஆட்களில் நானும் ஒருவன்.

இளம் ஆட்கள் மூன்றாம் வாயிலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். எங்கள் நிறுவனத்தில் இப்போது பொறியியலாளராக இருக்கும் அபிநயா, லாங்கன்தாலில் பிறந்து வளர்ந்த பிள்ளை, அதைக் கவனித்துவிட்டாள்.

“மாமா, ஏன் அங்கை நிக்கிறியள்? கிட்ட வாங்கோ.”

என்னுடைய அழகு தூரத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஓடையைத் தாண்டி வந்து பக்கத்தில் நின்றாள். புது வேலைத்தலங்களில் ஒவ்வொரு ஹெல்மெற்றுக்குள்ளும் ஒரு சிப் இருக்கிறதாம். ஆள் வாயிலைக் கடந்ததும் உள்ளே போனது யார், வெளியே வந்தது யார் என்று திரையில் தானாகவே பெயர் விழுமாம். முன்பு எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டாள். தகடு என்றேன்.

“தகட்டிலை பிழை வராதோ?”

தகட்டில் வராது, யோகனில்தான் வரும் என்றேன். யோகன் நான்தான். அப்படியென்றால் எழுதித் தாருங்கள், புதிதாக வரும் தமிழ் ஆட்களுக்குப் படிக்கக் கொடுக்கலாம் என்று பிடித்துக்கொண்டாள். எழுதுகிறேன். சிரிக்கக்கூடிய இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள். மற்ற இடத்தில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

தொடக்க காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அகதியாக வந்தேன். இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் ஆறு வருடம் சட்டி கழுவினேன். பிறகு லாங்கன்தாலில் ஓர் இரும்புப் பட்டறையில் வெல்டிங் பழகிச் சான்றிதழ் எடுத்தேன். பட்டறை மூடியபோது, பழைய சுரங்கங்களைப் பாதுகாப்பாக அடைக்கும் நிறுவனம் ஒன்று வெல்டிங் தெரிந்த ஆள் தேடியது. விளம்பரத்தில் ‘மலைப் பகுதியில் வேலை’ என்றிருந்தது. மலைக்காற்று என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். மலை என்றால் மலைக்கு உள்ளே என்று போன பிறகுதான் தெரிந்தது.

எனக்கு அடைத்த இடம் ஆகாது. லிஃப்டில் இரண்டு மாடி போனாலே வியர்க்கும். இதை நான் நேர்முகத்தில் சொல்லவில்லை; அவர்களும் கேட்கவில்லை. முதல் நாள் சுரங்க வாயிலில் நின்றபோது கால் நகரவே இல்லை. எங்கள் குழுவுக்குப் பொறுப்பான வேர்னரிடம், பல் வலிக்கிறது என்றேன். எந்தப் பல் என்றார். இடது பக்கம் காட்டினேன். சரி, உட்கார் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒரு மணி நேரத்தால் வந்து, இப்போது எந்தப் பல் என்று கேட்டார். நான் வலது பக்கம் காட்டினேன். அவர் முகம் மாறவில்லை. இரண்டு பல்லையும் கூட்டிக்கொண்டு வா என்றார்.

அப்படித்தான் நான் சுரங்கத் தொழிலாளி ஆனேன். பயத்துக்கு நானே ஒரு மருந்து கண்டுபிடித்தேன். லாங்கன்தாலில் இருந்து சோலோதுர்ன் போகும் சின்ன றெயிலின் தரிப்பிடங்களை மனதுக்குள் வரிசையாகச் சொல்வது. ஆர்வாங்கன், பன்வீல், நீடர்பிப், வீட்லிஸ்பாக், அட்டிஸ்வீல், ஃப்ளூமன்தால். சோலோதுர்ன் வந்ததும் திரும்பி வருவேன். ஒரு நல்ல நாளில் ஐம்பது தடவை போய் வந்திருப்பேன். ஒரு சதம் செலவில்லை.

வேர்னரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான ஆள், வெள்ளை மீசை. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. எதையும் ஒரு தடவைதான் சொல்வார். கோபம் வந்தால் குரல் தாழும். மிகவும் கோபம் வந்தால் கேட்கவே கேட்காது, வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஆப்பிளைக் கத்தியால் எட்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுவார். நாங்கள் உள்ளே போகுமுன் ஒவ்வொருவரின் ஹெல்மெற் பட்டியையும் இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பார். பதினோரு வருடத்தில் ஒரு நாளும் இழுக்காமல் விட்டதில்லை.

புதிய ஆட்களை உள்ளே கூட்டிப்போய் எல்லா விளக்கையும் ஒரு நிமிடம் அணைக்கச் சொல்வது அவருடைய வழக்கம். இருட்டு என்றால் என்னவென்று உடம்புக்குத் தெரிய வேண்டுமாம். என்னுடைய அந்த ஒரு நிமிடத்தில், பக்கத்தில் நின்ற போர்த்துக்கல்காரன் அன்ரோனியோவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். விளக்குப் போட்ட பிறகு பார்த்தால் அது வேர்னரின் கை. அவர் கையைத் திரும்ப எடுத்து, விரல்கள் ஐந்தும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

இனித் தகடு. ஒவ்வொருவருக்கும் இலக்கம் வெட்டிய ஒரு பித்தளைத் தகடு. தீப்பெட்டி அளவு. வாயிலுக்குப் பக்கத்தில் கொளுக்கிகள் அடித்த ஒரு பலகை. உள்ளே போகிறவன் தன் தகட்டைப் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்தால் தன் தகட்டைத் தானே எடுக்க வேண்டும். பலகையில் தகடு தொங்கினால் மலைக்குள் ஆள் இருக்கிறார். பலகை வெறுமையானால் மலை வெறுமை. வெறுமையாகும் வரை காற்று இயந்திரத்தை நிறுத்தக் கூடாது, கிராதிக் கதவைப் பூட்டக் கூடாது. முதல் நாளே வேர்னர் சொன்னார்: உன் தகட்டை உன் கைதான் தொட வேண்டும். ஒரு தடவைதான் சொன்னார்.

சிவபாலன் அண்ணை எங்கள் குழுவில் எனக்கு முன்பே இருந்தவர். என்னைவிட ஒன்பது வயது மூப்பு. பாறையில் துளை போட்டு இரும்புக் கம்பி இறுக்குவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வேலையில் யாரையும் பாராட்ட மாட்டார். நான் நன்றாக வெல்டிங் செய்தால், “பரவாயில்லை, மாடு உடைக்காது” என்பார். அவருக்கு நான் செய்யும் சின்னச் சின்ன வேலைகள் இருந்தன. எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூத்தவர் ஒருவர் கூட வேலை செய்தால் அவருடைய கோப்பையையும் சேர்த்து நாம்தான் கழுவுவோம். அவருடைய ஜக்கெற்றையும் நாம்தான் எடுத்துக் கொடுப்போம். அவர் கேட்பதும் இல்லை, நாம் நினைத்துச் செய்வதும் இல்லை. கை தானாகப் போகும். அண்ணை வெளியே வரும்போது இரண்டு கையிலும் சாமான் இருக்கும், தடித்த கையுறை இருக்கும், கொளுக்கியோ சின்னது. ஆகவே நான் என் தகட்டை எடுக்கும்போது அவருடையதையும் எடுத்து, அவர் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவேன். பின்னாலேயே வந்துகொண்டிருப்பார், ஐந்தாறு அடி தூரம்தான். வேர்னர் காணாத நேரம் பார்த்துத்தான் செய்வேன். வெள்ளைக்காரருக்கு மரியாதை விளங்காது என்று எனக்குள் ஒரு பெரிய எண்ணம்.

இந்த ஊருக்கு நாங்கள் நான்கு பேர் வந்தோம். வேர்னர், அண்ணை, அன்ரோனியோ, நான். மலைக்குடில் ஒன்றில் தங்கி, ஒரு கிழமைக்குள் நான்கு வாயில்களையும் அடைக்க வேண்டும். சாமான்களையும் ஒரு சின்ன இழுவை வண்டியையும் ஹெலிகொப்டர் கொண்டுவந்து இறக்கியது. கிராதிக்கு ஒரு கணக்கு உண்டு. கம்பிகளைப் படுக்கையாகத்தான் வைக்க வேண்டும், இடைவெளி ஒரு சாண் அளவுக்குக் கொஞ்சம் குறைய. மனுசன் நுழையக் கூடாது, வௌவால் சிறகை மடக்காமல் பறந்து போக வேண்டும். நடுவில் ஒரு சின்னக் கதவு. நான்கு போல்ட், அதற்கென்று ஒரு தனிச் சாவி.

மூன்றாம் சுரங்கம்தான் கெட்டது. முந்நூறு மீற்றர் நீளம். பாதிவழியில் தரை கிண்ணம் மாதிரிப் பதிந்து, பிறகு ஏறும். கீழ்த்தட்டில் பழைய மரத் தூண்கள் உக்கிக் கிடக்கின்றன. மரம் உக்கினால் காற்றில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். மிஞ்சும் கெட்ட காற்று பாரமானது, தண்ணீர் மாதிரிப் பள்ளத்தில் வந்து தேங்கும். மணமில்லை, நிறமில்லை. அதற்குள் நடந்து போனால் முதலில் நித்திரை வரும், பிறகு எதுவும் வராது. ஆகவே வாயிலில் ஓர் இயந்திரம் வைத்து, மஞ்சள் துணிக்குழாய் வழியாக உள்ளே நல்ல காற்று ஊதிக்கொண்டிருப்போம். அதோடு கையில் காற்றை அளக்கும் ஒரு கருவி. காற்றுக் கெட்டால் கத்தும். அண்ணை அதற்குக் குருவி என்று பெயர் வைத்திருந்தார். வேர்னரிடம் ஒன்று, அண்ணைக்கும் எனக்கும் சேர்த்து ஒன்று.

அந்தக் கிழமையில் ஒரு நாள் முற்பகல் அண்ணையும் நானும் உள்ளே போனோம். கடைசிச் சாமான்களை வெளியே எடுத்துவிட்டால் மூன்றாம் வாயில் முடிந்தது. சுரங்கத்தின் கடைசியில் ஒரு கிளைவழி உண்டு. அதற்குள் மேலேயிருந்து தண்ணீர் கொட்டும், பக்கத்தில் நின்று கதைத்தாலும் கேட்காது. அங்கே வேலை முடித்து, நான் துளைபோடும் இயந்திரத்தைத் தூக்கினேன். அண்ணை வாளியைத் தூக்கினார். பள்ளத்தைக் கடந்து ஏறி வாயில் வெளிச்சம் தெரிந்த இடத்தில், குருவி எங்கே என்று கேட்டார். நான் அதைக் கிளைவழியில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு வந்திருந்தேன். ஏன் மறந்தேன் என்று கேட்டால், நான் அப்போது மனதுக்குள் அட்டிஸ்வீலைத் தாண்டிக்கொண்டிருந்தேன்.

“நீ போ, நான் எடுத்துக்கொண்டு வாறன்” என்றார் அண்ணை.

நான் போய் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திரும்ப அந்த இருட்டுக்குள் போக எனக்கு மனமில்லை. அவருடைய வாளியையும் வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு ஓடிவந்தேன். வாயிலில் என் தகட்டை எடுத்தேன். கை பழக்கத்தில் அடுத்த கொளுக்கிக்கும் போனது. இரண்டு தகடும் என் பைக்குள் விழுந்தன.

அது என்னுடைய சமையல் நாள். சோறும் மீன்குழம்பும் குடிலிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருந்தோம். அதைச் சூடாக்கக் கீழே தொழிலாளர் கட்டடத்துக்கு இறங்கிப் போய்விட்டேன். அங்கே காற்றுப் படாத ஒரு மூலையில் காஸ் அடுப்பு வைத்திருந்தோம்.

பிறகு நடந்ததை வேர்னர் சொல்லித்தான் அறிந்தேன். அவர் இரண்டாம் வாயிலிலிருந்து அன்ரோனியோவோடு வந்தார். பலகையைப் பார்த்தார்: வெறுமை. சட்டப்படி வாயிலில் நின்று மூன்று தடவை உள்ளே கூப்பிட்டார். ஒவ்வொரு தடவைக்கும் இடையில் இருபது வரை எண்ணினார். பதில் இல்லை. இயந்திரத்தை நிறுத்தினார். அன்ரோனியோ துணிக்குழாயைக் கயிற்றில் கட்டி வண்டியால் இழுத்து வெளியே எடுத்தான். கதவைப் போட்டு நான்கு போல்ட்டையும் இறுக்கினார். ஒவ்வொன்றையும் இரண்டாம் தடவை சோதித்தார். பிழையில்லாத வேலை. பிழை என்னுடைய காற்சட்டைப் பைக்குள் இருந்தது.

நான் நான்கு சாப்பாட்டுக் கோப்பை வைத்து, அண்ணைக்கு மட்டும் மீன்தலை போட்டு மூடி வைத்தேன். அப்போது வேர்னரும் அன்ரோனியோவும் வந்து மேசையடியில் உட்கார்ந்தார்கள். வேர்னர் ஆப்பிளை எடுத்தார். சிவா எங்கே என்றார். உங்களோடு என்றேன். உன்னோடு என்றார், பலகை வெறுமை. அண்ணை தேவாலயத்துக்குப் போயிருப்பார் என்றான் அன்ரோனியோ. அது நடக்கக்கூடியதுதான். அங்கே சுரங்கத் தொழிலாளரைக் காக்கும் பார்பரா என்ற புனிதையின் சிலை ஒன்று இருந்தது. அண்ணை அவளை அம்மன் என்று தீர்மானித்து, தினமும் புல்வெளியில் பூப் பிடுங்கிக்கொண்டு போய் வைப்பார். நான் வாசலுக்குப் போய்த் தேவாலயத்தைப் பார்த்துக் கத்தினேன். பதில் இல்லை. அங்கே தொலைபேசி வேலை செய்யாது என்று தெரிந்தும் எடுக்கலாம் என்று பைக்குள் கைவிட்டேன்.

விரலில் இரண்டு தகடு தட்டுப்பட்டது.

மனிதனுக்குத் தலை சுற்றும், இதயம் நிற்கும் என்றெல்லாம் எழுதுவார்கள். எனக்கு நடந்தது வேறு. என்னிடமிருந்து ஜேர்மன் மொழி போய்விட்டது. இருபது வருடம் பாடுபட்டுப் படித்த மொழி, ஒரு சொல் மிச்சமில்லாமல். வேர்னருக்கு முன்னால் போய் நின்று தமிழில் கதைத்தேன். அண்ணை உள்ளுக்கு, அண்ணை உள்ளுக்கு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அன்ரோனியோ எனக்குத் தண்ணீர் நீட்டினான், மீன்முள் சிக்கிவிட்டது என்று நினைத்தானாம். பிறகுதான் இரண்டு தகட்டையும் எடுத்து, வெட்டிய ஆப்பிளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வேர்னர் இரண்டு இலக்கங்களையும் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கத்தியைத் துடைத்து மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு எழுந்தார். அன்ரோனியோவிடம் இரண்டே சொல் சொன்னார். அவன் வோக்கி டோக்கியில் கீழே மீட்புக்காரருக்குச் சொல்லிக்கொண்டே, குழாய் கிடந்த வண்டியை நோக்கி ஓடினான்.

மூன்றாம் வாயிலுக்கு ஏறும்போது நான் இரண்டு தடவை விழுந்தேன், ஒரு தடவை சத்தி எடுத்தேன். வேர்னர் ஓடவில்லை. ஆனால் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். போல்ட்டுகளைத் திறந்து, கதவைக் கழற்றி, கூப்பிட்டோம். கிராதிக்கு அந்தப் பக்கம் அண்ணை இல்லை. அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. அவர் நல்ல காற்றுக்கு வந்து சேர்ந்திருந்தால் கதவடியில் நின்றிருப்பார். வரவில்லை என்றால், ஒன்றில் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், இல்லையென்றால் பள்ளத்துக்குள் இருக்கிறார். இயந்திரம் நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல்.

நான் உள்ளே பாய்ந்தேன். அதாவது, பாய முயன்றேன். வேர்னர் என் இடுப்புப் பட்டியைப் பின்னால் பிடித்திருந்தார்.

“இப்ப நீயும் விழுந்தால் நான் ரெண்டு பேரைத் தூக்கவேணும்” என்றார். அவர் சொன்னது சுவிஸ் ஜேர்மனில், என் காதில் விழுந்தது இப்படித்தான். மிகத் தாழ்ந்த குரல். “உள்ளை போக ரெண்டு பேர் வேணும். அன்ரோனியோ இயந்திரத்தோடை நிக்கவேணும். மீட்புக்காரர் வரும்வரை நிக்கலாம், இல்லாட்டில் நீ வரலாம். உன்ரை பயம் எனக்குத் தெரியும். ஏலுமோ?”

பதினோரு வருடம் நான் மறைத்ததாக நினைத்திருந்த விசயம். பல்வலி, நகைச்சுவை, எல்லாவற்றையும் அந்த மனுசன் முதல் நாளே கண்டுகொண்டு விட்டிருக்கிறார். எனக்கு வெட்கப்பட நேரமில்லை. ஒரு விசயம் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. குருவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணை போன இடம் அது. வருகிறேன் என்றேன். ஜேர்மன் திரும்பி வந்திருந்தது.

வேர்னர் முதலில் அண்ணையின் தகட்டை எடுத்து அதன் கொளுக்கியில் மாட்டினார். பிறகு தன்னுடையதை மாட்டினார். பிறகு என்னைப் பார்த்து நின்றார். அண்ணை செத்துக்கொண்டிருக்கும்போது இதென்ன சடங்கு என்று கத்த வாய் வந்தது. மூன்றாம் முறைதான் என் தகடு கொளுக்கியில் விழுந்தது. அவர் இரண்டு விரலால் என் ஹெல்மெற் பட்டியை இழுத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போனோம்.

அன்ரோனியோ இயந்திரத்தை முடுக்க, நாங்கள் துணிக்குழாயை இழுத்துக்கொண்டு நடந்தோம். அது ஒரு கொழுத்த பாம்பு மாதிரி எங்களுக்குப் பின்னால் நெளிந்து வந்தது. வேர்னரின் குருவி அவர் நெஞ்சில் சும்மா இருந்தது. நூற்றைம்பது மீற்றரில் தரை இறங்கத் தொடங்கியது. நான்கு அடி வைத்தோம். குருவி கத்தியது.

வேர்னர் இரண்டு அடி பின்னுக்கு வந்து, குழாயின் வாயைப் பள்ளத்தைப் பார்த்துத் திருப்பி, ஒரு கல்லை முண்டு கொடுத்தார். விளக்கை அடித்துப் பார்த்தோம். பள்ளத்துக்குள் எங்கள் வெளிச்சம் எட்டிய தூரத்துக்கு ஆள் கிடக்கவில்லை. ஆனால் பள்ளம் வளைந்து போகிறது. வளைவுக்கு அப்பால் தெரியாது. நான் பெயர் சொல்லிக் கத்தினேன். குழாயின் இரைச்சலும் தூரத்துத் தண்ணீர்ச் சத்தமும்தான் திரும்பி வந்தன.

வேர்னர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நெஞ்சிலிருந்து குருவியைக் கழற்றி, ஒரு தடியின் நுனியில் கட்டிப் பள்ளத்துக்குள் நீட்டினார். கத்தியது. இழுத்தார். இரண்டு நிமிடம் விட்டு மறுபடியும் நீட்டினார். கத்தியது. என் பட்டியை அவருடைய மற்றக் கை விடவே இல்லை. நான் றெயில் ஏறிப் பார்த்தேன். ஆர்வாங்கனுக்கு அடுத்தது என்னவென்று தெரியவில்லை. ஆர்வாங்கன், ஆர்வாங்கன் என்று அங்கேயே நின்றது றெயில். அண்ணையின் மனைவிக்கு இதை எந்த வாயால் சொல்வது என்று யோசித்தேன். அவருடைய பிள்ளைகளின் முகம் வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு ஓடினால் என்ன என்று கேட்டேன். எத்தனை அடி ஓடுவாய் என்று வேர்னர் கேட்டார். எனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது என்றார் அவர். பிறகு மறுபடி தடியை நீட்டினார்.

பன்னிரண்டு நிமிடம். ஆறாம் தடவை நீட்டியபோது குருவி கத்தவில்லை. வேர்னர் நம்பாமல் இன்னொரு தடவை, தரையோடு தேய்த்து நீட்டினார். கத்தவில்லை. பட்டியை விட்டார்.

பள்ளத்துக்குள் இறங்கி, குழாயையும் இழுத்துக்கொண்டு, வளைவைத் திரும்பினோம். தரையில் ஆள் இல்லை. அந்த வெறுந்தரையைப் பார்த்து நான் அழுதேன் என்று இங்கே ஒத்துக்கொள்கிறேன். வேர்னரைப் பொறுத்தவரை அது இன்றுவரை வெறும் தடிமன், மூக்கடைப்பு. ஏறி, கிளைவழிக்குள் போனோம். ஆணியில் குருவி இல்லை. மேலேயிருந்து கல்லைக் கீழே தள்ள அந்தக் காலத்து ஆட்கள் வெட்டிய துவாரத்துக்குள் ஓர் இரும்பு ஏணி அங்கே மேலே போகிறது. தண்ணீர் இரைச்சலுக்குள் எங்கேயோ உயரத்தில் ஒரு குருவி விட்டுவிட்டுக் கீச்சிட்டது, பற்றறி முடியும்போது அது போடும் சத்தம். விளக்கை மேலே திருப்பினேன். ஏணியின் உச்சியில், பாறை விளிம்பில், இரண்டு சப்பாத்துகள் தொங்கின. ஒன்று ஆடியது.

“லைற்றை மூஞ்சைக்கு அடியாதை” என்றது அண்ணையின் குரல்.

நான் ஏணியில் பாதி ஏறி அவருடைய காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் குருவியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். குழாய் இருந்த இடத்தில் இல்லை. பள்ளத்தில் இறங்கக் குருவி அலறியிருக்கிறது. அவர் ஓடவில்லை, கத்தவில்லை. கெட்ட காற்றுத் தாழ்வாகத்தான் கிடக்கும், ஆகவே உயர வேண்டும் என்று திரும்பி நடந்து ஏணியில் ஏறி, பற்றறியை மிச்சம் பிடிக்க விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் இருந்திருக்கிறார். நானாக இருந்தால் பள்ளத்துக்குள் பாய்ந்திருப்பேன். இன்று இதை எழுத ஆள் இருந்திருக்காது.

“நீ வருவாயெண்டு நினைக்கேல்லை” என்றார் இறங்கும்போது. “வேர்னரைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்.”

திரும்பி நடக்கும்போது வேர்னர் முன்னால், அண்ணை நடுவில், நான் பின்னால். பள்ளத்தைக் கடந்து ஏறியதும் அண்ணை தலையைத் திருப்பாமல் மெதுவாகக் கேட்டார்.

“என்ரை தகட்டை நீதானே எடுத்தனீ?”

“ஓம் அண்ணை.”

“நான்தான் எடுக்கச் சொன்னனான் எண்டு சொல்லு. எனக்கு அறுபது கிட்டுது, என்னை என்ன செய்வாங்கள்? உன்னை வேலையாலை நிப்பாட்டிப்போடுவாங்கள்.”

“சொல்லிப்போட்டன் அண்ணை. நான்தான் எடுத்தனான் எண்டு ரெண்டையும் மேசையிலை வைச்சிட்டன்.”

அவர் கொஞ்ச தூரம் நடந்தார்.

“விசரன்” என்று திட்டினார். பிறகு, “நல்லது” என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது, அதுவும் எதற்கென்று பாருங்கள்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. அன்ரோனியோ அண்ணையைக் கட்டிப்பிடிக்க வந்தான். வேர்னர் கையால் தடுத்து, பலகையைக் காட்டினார். மூன்று தகடு தொங்கின. வேர்னர் தன்னுடையதை எடுத்தார். நான் என்னுடையதை எடுத்தேன்.

அண்ணை பலகைக்கு முன்னால் வந்து நின்றார். குளிரில் அவருடைய விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. கையுறையைக் கழற்றவே நேரம் எடுத்தது. கையை உயர்த்தினார். தகட்டைப் பிடித்தார், நழுவியது. மறுபடி பிடித்தார், கொளுக்கியில் சிக்கியது. நான் பக்கத்தில், ஒரு கை எட்டும் தூரத்தில் நின்றேன். என் வலது கை தானாக எழும்பியது. இடது கையால் அதை முதுகுக்குப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அண்ணை ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. மீட்புக்காரரின் ஹெலிகொப்டர் பள்ளத்தாக்கின் அடியில் இரைவது கேட்டது. வேர்னர் காத்துக்கொண்டு நின்றார். உள்ளே ஒரு ஆளும் இல்லாத மலைக்குள் இயந்திரம் காற்றை ஊதிக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் தடவை தகடு கழன்று வந்தது. அண்ணை அதைத் தன் சட்டைப் பைக்குள் போட்டு, மேலே கையால் ஒரு தட்டுத் தட்டினார். அதற்குப் பிறகுதான் வேர்னர் அன்ரோனியோவுக்குக் கையைக் காட்ட, இயந்திரம் நின்றது.